முன் சஸ்பென்ஷன் வேலை முடிந்த பிறகும் சத்தம் வருகிறதா? அறிகுறியை வைத்துக் கண்டுபிடிக்கும் வழி

ஸ்ட்ரட், லோயர் ஆர்ம், லிங்க், டை ராட் எண்ட் எல்லாவற்றையும் வீட்டு வாசலிலேயே மாற்றி முடித்து, வண்டியை எடுத்துக்கொண்டு தெருமுனை வரை போனால் 'டொக்' என்று ஒரு சத்தம். உடனே பலரும் செய்வது, கண்ணில் படும் நட்டையெல்லாம் இன்னொரு முறை பலமாக இறுக்குவது. அதனால் சத்தம் போவது அபூர்வம். சில நேரம் புதிய புஷ்ஷும் (இரும்புக்குள் ரப்பர் வைத்த மூட்டு) சேர்ந்து கெடும். முன் சஸ்பென்ஷனில் எவ்வளவு இறுக்கினோம் என்பது பாதி விஷயம்தான். வண்டி எந்த நிலையில் இருக்கும்போது இறுக்கினோம், எதைப் பிடித்துக்கொண்டு எதைத் திருப்பினோம் என்பது மீதிப் பாதி. வீட்டில் வேலை செய்பவர்கள் தவறவிடுவது இந்த மீதிப் பாதியைத்தான்.

இங்கே சொல்வதெல்லாம் மக்ஃபர்சன் ஸ்ட்ரட் உள்ள வண்டிகளுக்கு. ஸ்விஃப்ட், வேகன் ஆர், ஆல்டோ, ஐ10, டியாகோ என்று நம் தெருவில் நிற்கும் சிறிய கார்கள் பெரும்பாலும் இந்த வகைதான். அமெரிக்க எஞ்சினியர் ஏர்ல் மக்ஃபர்சன் 1940களில் வடிவமைத்த ஏற்பாடு இது. ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் ஒரே அமைப்பாக மேலே பாடியோடு சேரும். கீழே ஒரு லோயர் ஆர்ம் சக்கரத்தைப் பிடித்துக்கொள்ளும். பாகங்கள் குறைவு என்பதால் வீட்டில் செய்யக்கூடிய வேலைதான்.

சத்தத்தைத் தேடும் முன்

வண்டியோடு கொடுக்கும் ஜாக்கி ஸ்டெப்னி மாற்றுவதற்கு மட்டும். ஜாக்கி ஸ்டாண்டு வைக்காமல் வண்டிக்கு அடியில் கையோ தலையோ நுழைக்க வேண்டாம். தரை மண்ணாக இருந்தாலும் டைல்ஸாக இருந்தாலும் ஸ்டாண்டுக்குக் கீழே கனமான பலகை ஒன்று போடுங்கள். ஹேண்ட் பிரேக் போட்டு, பின் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கல் வையுங்கள்.

டார்க் ரென்ச் (எவ்வளவு இறுக்குகிறோம் என்று அளந்து சொல்லும் ஸ்பேனர்) வேண்டும். கைக்கணக்கில் இறுக்கிப் பழகியவர்களுக்கு ஒரு அளவு சொல்கிறேன்: 100 நியூட்டன் மீட்டர் என்பது ஒரு அடி நீள ஸ்பேனரின் முனையில் 33 கிலோ எடையைத் தொங்கவிடுவதற்குச் சமம். சிறிய கார்களின் வீல் நட் பெரும்பாலும் 85 முதல் 110 நியூட்டன் மீட்டருக்குள் வரும். மற்ற போல்ட்டுகளின் அளவை உங்கள் மாடலின் சர்வீஸ் மேனுவலைப் பார்த்து எடுங்கள். ஒரே கம்பெனியிலேயே மாடலுக்கு மாடல் மாறும். ரென்ச்சில் எந்த ஸ்கேலைப் பார்க்கிறோம் என்பதிலும் கவனம் வேண்டும். 100 நியூட்டன் மீட்டர் வைக்க வேண்டிய இடத்தில் 100 அடி-பவுண்டு வைத்துவிட்டால் 135 நியூட்டன் மீட்டருக்கு மேல் போய்விடும். பழைய மேனுவல்களில் கிலோகிராம்-மீட்டர் (kg-m) கணக்கில் போட்டிருப்பார்கள். அதை 9.8-ஆல் பெருக்கிக்கொள்ளுங்கள். 'க்ளிக்' என்று ஒரு முறை கேட்டால் போதும், நிறுத்திவிடலாம்.

போல்ட் தலையில் 8.8, 10.9 என்று பொறித்திருக்கும். அது பலத்தின் தரம். பழைய போல்ட் வீணாகியிருந்தால் அதே தரத்தில் அதே வண்டிக்கான போல்ட்டை வாங்குங்கள். ஹார்டுவேர் கடையில் அளவு மட்டும் பார்த்து வாங்கிய போல்ட் சஸ்பென்ஷனுக்கு ஆகாது. சென்னை புதுப்பேட்டையில் பழைய லோயர் ஆர்ம் மலிவாகக் கிடைக்கலாம், ஆனால் அது எங்கே மோதிய வண்டியில் இருந்தது, எவ்வளவு வளைந்திருக்கிறது என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. ஜெனரல் பாட்டர்ஸ் ரோட்டில் புதிதாகவே வாங்கிவிடுங்கள்.

போல்ட் துளையில் சேர மறுக்கிறது

ஸ்டெபிலைசர் பார் என்பது இடது, வலது சக்கரங்களின் சஸ்பென்ஷனை இணைக்கும் கம்பி; அதன் முனையில் மாட்டுவது லிங்க். இந்த லிங்க்கின் ஒரு முனை மாட்டியாகிவிட்டது, மறுமுனை ஒரு இஞ்ச் தள்ளி நிற்கிறது. கம்பியை வைத்து நெம்ப வேண்டாம். ஒரு பக்கச் சக்கரம் தரையில், மறுபக்கம் அந்தரத்தில் என்றால் ஸ்டெபிலைசர் பார் முறுக்கிக்கொண்டு நிற்கும். இரண்டு பக்கத்தையும் தூக்கி ஸ்டாண்டில் வையுங்கள், அல்லது தொங்கும் பக்கத்து லோயர் ஆர்முக்கு அடியில் ஜாக்கி கொடுத்து மெதுவாக ஏற்றுங்கள். இரண்டும் ஒரே உயரத்துக்கு வந்ததும் லிங்க் விரலால் தள்ளினாலே உள்ளே போகும்.

லோயர் ஆர்மின் வெளி முனையில் உள்ள பால் ஜாயிண்ட்டைக் (உருண்டை மூட்டு) குறுக்குப் போல்ட் பிடிக்கும் வண்டிகளில் அந்தப் போல்ட் உள்ளே போகாவிட்டால், பால் ஜாயிண்ட்டின் தண்டு முழுதாக ஏறவில்லை என்று அர்த்தம். தண்டைச் சுற்றி ஒரு பள்ளம் இருக்கும். போல்ட் அந்தப் பள்ளத்தின் வழியாகத்தான் போக வேண்டும். சுத்தியலால் அடித்து ஏற்றினால் போல்ட்டின் மரையும் போகும், தண்டும் பள்ளத்தில் உட்காராது. ஓடும்போது அந்தத் தண்டு கழன்றால் சக்கரம் மடங்கிவிடும். நக்கிளில் (ஹப்பையும் சக்கரத்தையும் தாங்கும் இரும்புப் பாகம்) உள்ள பிளவைத் தட்டையான உளியால் கொஞ்சமே விரித்து, துருவைத் துடைத்து, தண்டை மேலே தள்ளுங்கள். போல்ட் கையாலேயே போகும்வரை ஸ்பேனரைத் தொட வேண்டாம்.

நட் இறுகவில்லை, சுற்றிக்கொண்டே இருக்கிறது

லிங்க்கிலும் டை ராட் எண்டிலும் இது வரும். நட்டோடு சேர்ந்து உள்ளே இருக்கும் பால் தண்டும் சுற்றுகிறது. லிங்க்கில் தண்டின் நுனியில் ஆலன் கீ துளையோ, பின்பக்கம் ஸ்பேனர் பிடிக்கும் தட்டைப் பகுதியோ இருக்கும். அதை அசையாமல் பிடித்துக்கொண்டு நட்டை மட்டும் ரிங் ஸ்பேனரால் திருப்புங்கள். டை ராட் எண்டின் தண்டு கூம்பு வடிவம். கூம்பு துளையில் கவ்விவிட்டால் சுற்றாது. சுற்றினால் அடியில் ஜாக்கி கொடுத்து தண்டைத் துளைக்குள் லேசாக அழுத்திக்கொண்டு இறுக்குங்கள். கூம்பிலும் துளையிலும் கிரீஸ் ஒட்டியிருந்தால் முதலில் துடைத்துவிடுங்கள்.

காடி வெட்டிய காசில் நட் உள்ள இடத்தில், டார்க் அளவு வந்தும் ஸ்பிளிட் பின் துளை நேராக வராவிட்டால் இன்னும் கொஞ்சம் இறுக்கி அடுத்த காடிக்குக் கொண்டுபோங்கள். பின்னுக்காக நட்டைத் தளர்த்தக் கூடாது. பழைய ஸ்பிளிட் பின்னை நிமிர்த்திப் போடுவதும் வேண்டாம். விலை சில ரூபாய்தான்.

ஸ்ட்ரட்டின் உச்சி நட்டும் இப்படிச் சுற்றும். அங்கே இம்பாக்ட் கன் வைத்து 'டர்' என்று இறுக்கிவிடும் பழக்கம் பல ஒர்க்ஷாப்பில் இருக்கிறது. ராட் வேகமாகச் சுற்றினால் உள்ளே இருக்கும் ஆயில் சீலுக்குக் கெடுதல். புதிய ஷாக் அப்சார்பர் ஆறு மாதத்தில் எண்ணெய் கசிந்தால் தயாரித்தவரைத் திட்டுவதற்கு முன் இதையும் யோசியுங்கள். ராடின் நுனியை ஆலன் கீயால் பிடித்து, கையாலேயே இறுக்குங்கள். ராடின் பளபளப்பான பகுதியைப் பிளையரால் பிடிப்பது அதைவிட மோசம். அதில் விழும் ஒரு கீறலே சீலைக் கிழித்துவிடும்.

ஸ்பீடு பிரேக்கரில் டொக், டொக்

மெதுவாகப் போகும்போது, சிறிய மேடுபள்ளத்தில்தான் அதிகம் கேட்கும். முதலில் லிங்க்கைப் பாருங்கள். வண்டி தரையில் நிற்கும்போதே உள்ளே கைவிட்டு லிங்க்கைப் பிடித்து வேகமாக ஆட்டினால், நட் தளர்ந்திருந்தால் கையிலேயே தெரியும். அது சரியாக இருந்தால் பானட்டைத் திறந்து ஸ்ட்ரட்டின் உச்சியில் விரல் நுனிகளை வைத்துக்கொண்டு, இன்னொருவரை முன்பக்கத்தை அழுத்தி அழுத்தி விடச் சொல்லுங்கள். உச்சி நட் சரியாக உட்காரவில்லை என்றால் ஒவ்வொரு அழுத்தத்துக்கும் விரலில் ஒரு சிறு தட்டு விழும். காதை நம்பினால் ஏமாற்றும். சத்தம் பாடி வழியாக ஓடி வலப்பக்கத்தது இடப்பக்கம் கேட்கும். விரல் ஏமாற்றாது.

ஸ்ட்ரட்டையும் நக்கிளையும் சேர்க்கும் இரண்டு பெரிய போல்ட்டுகளையும் மறுபடி டார்க் வைத்துப் பாருங்கள். சில வண்டிகளில் இந்தப் போல்ட்டின் கழுத்தில் பல் வரிகள் இருக்கும். அதனால் போல்ட் தலையைப் பிடித்துக்கொண்டு நட்டைத்தான் திருப்ப வேண்டும். தலையைத் திருப்பினால் பற்கள் துளையை அரித்துவிடும், டார்க் அளவும் பொய் சொல்லும்.

இவை எல்லாம் சரி, சத்தம் மட்டும் போகவில்லை என்றால் சக்கரத்தைத் தூக்கிவிட்டு மேலும் கீழும் பிடித்து ஆட்டுங்கள். ஆட்டம் இருந்தால் இன்னொருவர் பிரேக்கை மிதிக்கட்டும். ஆட்டம் நின்றால் அது வீல் பேரிங். நிற்காவிட்டால் பால் ஜாயிண்ட். இடமும் வலமும் பிடித்து ஆட்டும்போது மட்டும் லொடலொடத்தால் டை ராட் எண்டையோ, அதன் உள்முனையில் ஸ்டீயரிங் ரேக்கோடு சேரும் ரேக் எண்டையோ பாருங்கள்.

பிரேக் பிடித்தால் ஒரு 'டங்', ரிவர்ஸ் எடுத்தால் இன்னொரு 'டங்'

ஒவ்வொரு திசைக்கும் ஒரே ஒரு முறை கேட்டால் ஏதோ ஒன்று முன்னும் பின்னும் நகர்கிறது. லோயர் ஆர்மின் போல்ட்டுகளும் பிரேக் காலிப்பர் போல்ட்டுகளும்தான் முதல் சந்தேகம். ஸ்ட்ரட் மாற்றும்போது காலிப்பரைக் கழற்றிக் கம்பியில் கட்டித் தொங்கவிட்டிருப்பீர்கள். திரும்ப மாட்டும்போது கையால் முடுக்கியதோடு மறந்துபோவது சாத்தியம். இதைச் சரிபார்க்கும்வரை வண்டியை ஓட்டாதீர்கள்.

பழைய மாருதி 800, ஆல்டோ வைத்திருப்பவர்களுக்கு ஒன்று. அவற்றில் ஸ்டெபிலைசர் பார்தான் லோயர் ஆர்மை முன்பின் நகராமல் பிடிக்கிறது. பாரின் முனை ஆர்முக்குள் புகுந்து, இருபுறமும் ரப்பர் புஷ்ஷோடு காசில் நட்டில் முடியும். அந்தப் புஷ் தளர்ந்தாலோ, ஒரு வாஷர் தலைகீழாகப் போனாலோ இதே 'டங்' வரும். பிரேக் பிடிக்கும்போது வண்டி ஒரு பக்கம் சாயவும் செய்யும்.

கிரீச் சத்தம், முன்பக்கம் கொஞ்சம் உயர்ந்தது போல, ஓட்டம் முரடாகிவிட்டது

புதிய லோயர் ஆர்ம் போட்ட ஒரு வாரத்தில் இந்த மூன்றும் சேர்ந்து வந்தால் காரணம் பெரும்பாலும் ஒன்றுதான்: சக்கரம் தொங்கிக்கொண்டிருக்கும்போதே ஆர்மின் புஷ் போல்ட்டை முழுதாக இறுக்கியிருக்கிறீர்கள்.

இந்தப் புஷ்ஷில் நடுவில் ஓர் இரும்புக் குழாய், வெளியே ஓர் இரும்பு வளையம், இடையில் இரண்டிலும் ஒட்டிய ரப்பர். போல்ட்டை இறுக்கும்போது நடுக்குழாய் வண்டியின் சட்டத்தோடு அசையாமல் கவ்விக்கொள்கிறது. அதன் பிறகு ஆர்ம் மேலும் கீழும் ஆடுவதற்கு ரப்பர் முறுக்கிக்கொடுப்பது ஒன்றே வழி. ஆர்ம் கீழே தொங்கும் நிலையில் கவ்வவிட்டால் ரப்பருக்கு அதுவே ஓய்வு நிலை ஆகிவிடும். வண்டியைத் தரையில் இறக்கியதும் ஈரத்துணியைப் பிழிந்து அப்படியே பிடித்துவைத்தது போல ரப்பர் முறுக்கிலேயே நிற்கும். ஒரு பள்ளத்தில் சக்கரம் மேலே ஏறும்போது அதற்கு மேலும் முறுக்கும். அதனால்தான் முன்பக்கம் சற்று உயர்ந்து நிற்கிறது, குலுக்கல் கடினமாகிறது, கிரீச் கேட்கிறது. இப்படியே விட்டால் ரப்பர் இரும்பிலிருந்து பிய்ந்து, வருடக்கணக்கில் உழைக்க வேண்டிய புஷ் மாதங்களில் போய்விடும்.

சரிசெய்ய புது ஆர்ம் வாங்க வேண்டியதில்லை. ரப்பர் இன்னும் கிழியாமல் இருந்தால் இறுக்கியதை விட்டு மறுபடி இறுக்குவதே போதும். வண்டி சமதளத்தில் நிற்கும்போது, நேர்மேலே உள்ள ஃபெண்டர் ஓரத்திலிருந்து சக்கரத்தின் நடுப்புள்ளி வரை டேப் வைத்து அளந்து, ஒட்டும் தாளில் எழுதி ஃபெண்டரிலேயே ஒட்டிவிடுங்கள். இது வேலை தொடங்கும் முன்பே, பழைய ஆர்மோடு எடுத்த அளவாக இருந்தால் இன்னும் நல்லது. ஏற்கெனவே முறுக்கியிருக்கும் வண்டியில் போல்ட்டைத் தளர்த்தி, சக்கரம் தரையில் இருக்கும்போது முன்பக்கத்தை நான்கைந்து முறை அழுத்திவிட்டு அளங்கள்.

இப்போது இரண்டு பக்கத்தையும் தூக்கி ஸ்டாண்டில் வைத்து, சக்கரத்தைக் கழற்றி, புஷ் போல்ட்டுகள் தளர்ந்த நிலையிலேயே பால் ஜாயிண்ட் பக்கத்து ஆர்ம் முனைக்கு அடியில் மரக்கட்டை வைத்து ஜாக்கியால் ஏற்றுங்கள். பால் ஜாயிண்ட்டின் ரப்பர் பூட்டில் ஜாக்கி படக் கூடாது. ஹப்பின் நடுவிலிருந்து ஃபெண்டர் ஓரம் வரை எழுதிவைத்த அளவு வந்ததும் நிறுத்தி, புஷ் போல்ட்டுகளுக்கு முழு டார்க் கொடுங்கள். அதற்கு முன்பே வண்டி ஸ்டாண்டை விட்டு எழும்பப் பார்த்தால் அங்கேயே நிறுத்திவிடலாம். சில மில்லிமீட்டர் குறைந்தால் ஒன்றும் ஆகாது. தொங்கும் நிலையில் இறுக்கவில்லை என்பதே முக்கியம். சரிவுப் பலகை இருந்தால் இன்னும் எளிது. சக்கரத்தை மாட்டி வண்டியைப் பலகை மேல் ஏற்றி, தன் எடையில் நிற்கும்போதே கீழேயிருந்து இறுக்கலாம்.

ஸ்டெபிலைசர் பாரைப் பிடிக்கும் டி-புஷ் கிளாம்ப்புக்கும், மேலே சொன்ன மாருதி 800 பாரின் முனை நட்டுக்கும் இதே விதிதான். பால் ஜாயிண்ட், டை ராட் எண்ட், பால் உள்ள லிங்க், ஸ்ட்ரட்டின் கீழ்ப் போல்ட்டுகள் ஆகியவற்றுக்கு இது தேவையில்லை. அவற்றைத் தொங்கும் நிலையிலேயே முடித்துவிடலாம்.

கிரீச்சைப் போக்க புஷ்ஷில் எஞ்சின் ஆயிலோ சாதா கிரீஸோ தடவச் சொல்பவர்கள் உண்டு. கேட்காதீர்கள். பெட்ரோலிய எண்ணெய் பட்ட ரப்பர் ஊதி மிருதுவாகிக் கெடும். டி-புஷ்ஷில் தடவியே ஆக வேண்டும் என்றால் சிலிக்கான் கிரீஸ்.

ஸ்டீயரிங் திருப்பினால் 'டொய்ங்', அல்லது தானாகத் திரும்பி வரவில்லை

நின்ற இடத்தில் ஸ்டீயரிங்கை ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்குத் திருப்பச் சொல்லி, நீங்கள் ஸ்பிரிங்கைப் பாருங்கள். ஸ்ட்ரட்டோடு சேர்ந்து ஸ்பிரிங் சீராகச் சுழல வேண்டும். கொஞ்சம் அடைபட்டு, பிறகு 'டொய்ங்' என்று குதித்தால் உச்சியில் உள்ள பேரிங் சுழலவில்லை. பேரிங் தலைகீழாகப் போயிருக்கலாம், அல்லது ஸ்பிரிங்கின் முனை கீழ்த் தட்டின் படியில் உட்காராமல் ஏறி நிற்கலாம். ஸ்டீயரிங் கனமாகி, வளைவுக்குப் பிறகு தானாக நேராகாமல் இருப்பதும் இதனால்தான்.

இதற்கு ஸ்ட்ரட்டைக் கழற்றி ஸ்பிரிங்கை அமுக்க வேண்டும். இங்கே வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறேன்: முன்பின் பழக்கம் இல்லாதவர்கள் ஸ்பிரிங் கம்ப்ரஸரைத் தொட வேண்டாம். சிறிய காரின் ஒரு முன் சக்கரம் சுமார் 300 கிலோவைத் தாங்குகிறது. அந்த எடையைச் சுமக்கும் ஸ்பிரிங் ஒரு கொக்கி நழுவி விரிந்தால் அது படும் இடத்தில் எலும்பு மிஞ்சாது. ஸ்ட்ரட்டை நீங்களே கழற்றி, ஒர்க்ஷாப்புக்கு எடுத்துப்போய் ஸ்பிரிங் வேலையை மட்டும் செய்து வாங்கி வந்து, திரும்ப நீங்களே மாட்டலாம். கூலி குறைவுதான். வாங்கும்போது ஸ்பிரிங்கின் கீழ் முனை தட்டின் படியை ஒட்டி நிற்கிறதா, மேல் மவுண்ட்டில் அம்புக்குறி இருந்தால் அது சரியான பக்கம் நோக்கியிருக்கிறதா என்று அங்கேயே பாருங்கள்.

முழுதாக ஒடித்துத் திருப்பும்போது மட்டும் 'டிக் டிக் டிக்' என்று வேகத்தோடு கூடும் சத்தம் சஸ்பென்ஷனுடையது அல்ல. அது ஆக்ஸிலின் வெளி ஜாயிண்ட். வேலைக்கு முன் இல்லாமல் இப்போது வந்திருந்தால், பூட் கிழிந்து கிரீஸ் வெளியேறியிருக்கிறதா என்று பாருங்கள். ஸ்ட்ரட்டைக் கழற்றியதும் ஹப்பை வெளிப்பக்கம் சாயவிட்டால் ஆக்ஸிலின் உள் ஜாயிண்ட்டும் இடம் நழுவும், பிரேக் ஹோஸும் இழுபடும். ஏபிஎஸ் விளக்கு எரிந்தால் அங்கே போகும் சென்சார் வயரையும் பாருங்கள். ஹப்பை ஒரு கயிற்றால் கட்டி வைத்துக்கொண்டு வேலை செய்தால் இந்தத் தொல்லை எதுவும் இல்லை.

வண்டி ஒரு பக்கம் இழுக்கிறது, ஸ்டீயரிங் கோணலாக நிற்கிறது

ஸ்டீயரிங் மட்டும் கோணல், வண்டி நேராகப் போகிறது என்றால் டை ராட் எண்ட் பழைய மரைக் கணக்கில் ஏறவில்லை. கழற்றும் முன் லாக் நட் இருந்த இடத்தில் பெயின்ட்டால் கோடு போட்டு, எத்தனை சுற்றில் கழன்றது என்று எண்ணி, அதே சுற்றில் புதியதை ஏற்றினால் அலைன்மென்ட் கடை வரை ஓட்டிப்போகும் அளவுக்கு நேராக இருக்கும். ராடைத் திருப்பும்போது ரேக்கின் ரப்பர் பூட் முறுக்கிக்கொள்ளாமல் அதன் கிளிப்பைத் தளர்த்திவிடுங்கள்.

இழுப்பு இருந்தால் ஸ்ட்ரட்டின் கீழ்ப் போல்ட்டுகளை நினைத்துப் பாருங்கள். அந்தத் துளைகளில் போல்ட்டுக்குச் சிறிது இடைவெளி உண்டு. ஹப்பின் மேல்பகுதியை உள்ளே தள்ளி இறுக்கினால் ஒரு சாய்வு, வெளியே இழுத்து இறுக்கினால் வேறு சாய்வு. கழற்றும் முன் ஸ்ட்ரட்டின் ஓரம் நக்கிளில் எங்கே இருந்தது என்று கூரான கம்பியால் கோடு கிழித்துக்கொண்டால் பழைய இடத்திலேயே வைத்து இறுக்கலாம். கோடு போட மறந்திருந்தால் இரண்டு பக்கத்தையும் ஒரே மாதிரி உள்ளே தள்ளியோ வெளியே இழுத்தோ இறுக்குங்கள்.

இரண்டு முன் டயர்களையும் பக்கம் மாற்றிப் போட்டு ஓட்டும்போது இழுப்பும் பக்கம் மாறினால் காரணம் டயர். திசைக்குறி உள்ள டயராக இருந்தால் இந்தச் சோதனை வேண்டாம். சிறிது தூரம் ஓட்டிய பின் ஒரு பக்க ரிம் மட்டும் அதிகமாகச் சூடானால் அந்தப் பக்கத்துப் பிரேக் கவ்விக்கொண்டிருக்கிறது.

அலைன்மென்ட்டுக்குப் போவது எல்லாவற்றுக்கும் கடைசியில். புஷ் போல்ட்டுகளை வண்டியின் எடையில் இறுக்காமல் அலைன்மென்ட் செய்தால், பிறகு இறுக்கும்போது அளவுகள் மாறிவிடும், காசும் வீண். இறுக்கி முடித்து 50 கிலோமீட்டர் ஓட்டி, வீல் நட்டுகளுக்கு மறுபடி டார்க் வைத்துவிட்டுப் போங்கள். ஸ்ட்ரட்டும் டை ராட் எண்டும் புதிது என்று கடைக்காரரிடம் முன்பே சொல்லி, வேலை முடிந்ததும், சரிசெய்யும் முன்பும் பின்பும் எடுத்த அளவுகளின் அச்சுத்தாளைக் கேட்டு வாங்குங்கள். அதில் இரண்டு முன் சக்கரங்களின் கேம்பர் (சக்கரம் உள்ளேயோ வெளியேயோ சாயும் கோணம்) அளவும் ஒன்றுக்கொன்று வெகுவாக மாறியிருந்தால் ஸ்ட்ரட்டின் கீழ்ப் போல்ட்டுகளைத் தளர்த்தி, அங்கேயே, மெஷினில் அளவைப் பார்த்துக்கொண்டே சரிசெய்யச் சொல்லலாம்.